ஆயுத பூஜைக்குக் கழுவிய கோப்பு

போன ஞாயிற்றுக்கிழமை கவினும் நிவேதாவும் வீட்டுக்கு வந்திருந்தார்கள். நான் விட்டு வந்த அலுவலகத்தில் இப்போது என் வேலையைப் பங்குபோட்டுச் செய்பவர்கள். குழந்தைக்குக் கிலுகிலுப்பை, எனக்கு ஒரு பெட்டி மைசூர்பாகு. கொஞ்ச நேரம் குழந்தையைக் கொஞ்சிவிட்டுக் கவின் மெதுவாக விஷயத்துக்கு வந்தான்.

"அக்கா, இனி புதுசா எழுதற எதுலயும் சம்படம் வேண்டாம்னு பேசிட்டு இருக்கறோமுங்க. எல்லாத்தையும் சர்வருக்குக் கொண்டுபோயிரலாம்னு. அதுக்கு முன்னாடி உங்களுக்குத் தெரிஞ்சத எழுதிக் குடுத்தீங்கன்னா நல்லா இருக்கும்."

"என்னத்த எழுதறது கவின்? கோட்லயே எல்லாம் இருக்குதே."

"என்ன செய்யுதுன்னு இருக்குதுங்கக்கா," என்றாள் நிவேதா. "ஏன் செய்யுதுன்னு எங்கயும் இல்ல."

அவர்கள் போன பிறகும் அந்தப் பேச்சு மனதில் சுற்றிக்கொண்டே இருந்தது. இந்த மாதிரிக் கட்டுரையெல்லாம் பணி ஓய்வு பெற்றவர்கள் எழுதுவது. நான் குழந்தைக்காக வேலையை விட்டவள். ஒரு வருடம் ஆகப்போகிறது. விட்டது சரிதானா என்று இன்னமும் அடிக்கடி யோசிக்கிறேன். இதை ஓய்வு என்று சொல்லலாமா, சொன்னால் சிரிப்பார்களா என்றும் தெரியவில்லை. ஆனால் செய்த வேலை செய்த வேலைதான். யாழினி தூங்கும் நேரங்களில் இதை எழுதுகிறேன். அங்கங்கே அறுந்து தொடர்ந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சம்படம் என்றால் எங்கள் பக்கத்தில் மூடி போட்ட தகரப் பாத்திரம். முறுக்கு, கடலை, பருப்பு என்று எதையும் போட்டு மூடி வைப்போம். எங்கள் அலுவலகத்தின் சம்படம் ஒரு லைப்ரரி. நிரல் எழுதுபவர்கள் தங்கள் நிரலோடு சேர்த்துக்கொள்ளும் ஒரு சிறு கருவி. எந்த நிரலுக்கும் தகவலைச் சேமித்து வைக்க ஓர் இடம் வேண்டும். பெரிய நிறுவனங்கள் அதற்கென்று சர்வர் வைத்து, அதைப் பார்த்துக்கொள்ள ஆளும் வைத்திருப்பார்கள். எங்கள் வாடிக்கையாளர்கள் தறிக்கூடம், பால் சங்கம், எடைமேடை, கோழிக்குஞ்சு பொரிப்பகம் நடத்துகிறவர்கள். அங்கே ஒரே ஒரு கணினி இருக்கும், அதுவும் தூசி படிந்த ஒரு மூலையில். அவர்களுக்குச் சர்வர் எதற்கு? சம்படம் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைத்துக்கொள்ளும். தனியாக எதையும் நிறுவ வேண்டாம். கோப்பை நகல் எடுத்தால் மொத்தத் தகவலையும் நகல் எடுத்த மாதிரி. பெரிய கம்பெனிகளில் இருந்த என் கல்லூரித் தோழிகள், "நீ இன்னும் டப்பாவுலதான் வேலை பாக்கறியாடி?" என்று கேலி செய்வார்கள்.

சம்படத்தை எழுதியவர் ஜெசிந்தா. எங்களுக்கெல்லாம் ஜெசியக்கா. என்னைவிட ஆறேழு வயதுதான் மூத்தவர். உக்கடம் பக்கத்தில் ஒரு மின்சாதனக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது அலுவலகம். அங்கே அவர்தான் மேலாளர். சரி, தவறு என்ற இரண்டு சொற்களும் அவர் வாயில் வராது. நாம் சொல்வதை முழுதாகக் கேட்டுவிட்டு, "அப்புறம்?" என்பார். அவ்வளவுதான். நான் ஒரு திருத்தம் செய்து கொண்டுபோய்க் காட்டுவேன். "அப்புறம்?" இந்த இடத்தில் பிழை வந்தால் இப்படிப் பிடிக்கும் என்பேன். "அப்புறம்?" அது பிடிக்காவிட்டால் என்று தொடங்குவேன். அதற்குமேல் சொல்ல என்னிடம் எதுவும் இருக்காது. இடத்துக்குத் திரும்பி வந்து மறுபடி எழுதுவேன். முதல் ஆறு மாதம் அந்த ஒரு சொல்லுக்குப் பயந்தே எனக்குப் பசி குறைந்தது.

பயிற்சிக்காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். அலுவலகத்தின் பின் அறையில், தரையில், மேல்மூடி இல்லாத பழைய கணினி ஒன்று கிடக்கும். அதில் ஒரு நிரல் இடைவிடாமல் சம்படக் கோப்பில் எழுதிக்கொண்டே இருக்கும். புதிதாகச் சேர்ந்தவர் சுவரிலிருந்து அதன் பிளக்கைப் பிடுங்க வேண்டும். கணினியை முறையாக நிறுத்தக் கூடாது, ஸ்விட்சை அணைக்கக் கூடாது, பிடுங்கத்தான் வேண்டும். பிறகு மறுபடி செருகி, கோப்பைத் திறந்து, உள்ளே எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்று சரிபார்த்துவிட்டு மறுபடி பிடுங்க வேண்டும். லைப்ரரியில் ஒரு வரி மாறினாலும் இந்தப் பரீட்சை முடியாமல் அது வெளியே போகாது. அந்த நாட்களில் அப்பா ஒருமுறை கேட்டார்.

"ஆபீஸ்ல என்ன கண்ணு வேலை குடுத்திருக்கறாங்க?"

"பிளக்கு புடுங்கறதுங்கப்பா."

அப்பா செய்தித்தாளை மடித்து வைத்தார். பிறகு, "நாலு வருசம் இஞ்சினியரிங் படிச்சதுக்கா?" என்றார். அம்மா உள்ளேயிருந்து, "கையில ஷாக்கு கீக்கு அடிச்சிரப்போவுது, செருப்பப் போட்டுக்கச் சொல்லுங்க," என்றார். நான் செருப்புப் போட்டுக்கொண்டுதான் பிடுங்கினேன்.

பிடுங்கப் பிடுங்கத்தான் அது எனக்குப் புரிந்தது. சம்படம் எதையும் நேராக எழுதாது. கோப்பு பல பக்கங்களாகப் பிரிந்திருக்கும். ஒரு பக்கத்தை மாற்றுவதற்கு முன், அதன் பழைய உருவத்தை அதே இடத்தில் ஒரு துணைக் கோப்பில் எழுதி வைத்துக்கொள்ளும். அந்தத் துணைக் கோப்பின் பெயர் 'பாதி' என்று முடியும். மாற்றி முடித்ததும் துணைக் கோப்பை அழித்துவிடும். நடுவில் மின்சாரம் போனால் துணைக் கோப்பு அழியாமல் அங்கேயே கிடக்கும். அடுத்த முறை திறக்கும்போது சம்படம் அதைப் பார்க்கும். வேலை பாதியில் நின்றிருக்கிறது என்று தெரிந்துகொண்டு, பழைய பக்கங்களைத் திரும்ப வைத்து எல்லாவற்றையும் நேராக்கிவிடும். வாடிக்கையாளருக்கு இதெல்லாம் நடந்ததே தெரியாது.

ஜெசியக்கா இன்னொன்றும் செய்திருந்தார். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும், அது எந்த அட்டவணையைச் சேர்ந்தது, அதில் எத்தனையாவது பக்கம், எத்தனையாவது மாற்றத்தில் எழுதப்பட்டது என்று குறித்திருப்பார். கோப்பின் தொடக்கத்திலேயே எல்லாவற்றுக்கும் வழிகாட்டும் பக்கம் இருக்கிறதே, பிறகு எதற்கு இது, இடம்தானே வீண் என்று ஒருமுறை கேட்டேன். "நீங்க வீட்ல சம்படத்து மூடி மேல பேர் எழுதுவீங்களா, சம்படத்து மேல எழுதுவீங்களா?" என்று கேட்டார். மூடி மேல்தான் என்றேன். "அப்புறம்?" என்றார்.

வாடிக்கையாளர்களிடம் போனபோதுதான் அலுவலகத்துப் பரீட்சையில் வராத கேள்விகள் எல்லாம் வந்தன. தொண்டாமுத்தூரில் ஒரு தேங்காய் மண்டி. ஒரே கணினி என்று சொல்லித்தான் எங்களிடம் வாங்கினார்கள். பிறகு மகன் இரண்டாவது கணினி வாங்கி, கோப்பைப் பொதுவான ஃபோல்டரில் வைத்து, இரண்டிலிருந்தும் ஒரே நேரத்தில் எழுத ஆரம்பித்துவிட்டார். அப்பா ஏற்றிய லோடு மகனுக்குத் தெரியவில்லை, மகன் ஏற்றியது அப்பாவுக்குத் தெரியவில்லை. "அவன் எங்கூடப் பேசறதில்லைங்க, அதனாலதான் ரெண்டாவது பெட்டி," என்றார் அப்பா. மகனோ, "அவருகிட்டக் கேட்டா திட்டுவாருங்க," என்றார். இதற்கு லைப்ரரி என்ன செய்யும்? ஒருவர் எழுதும்போது மற்றவர் காத்திருக்க ஒரு பூட்டைச் சேர்த்துக் கொடுத்துவிட்டு வந்தோம். காத்திருக்கச் சொன்னதற்கு இருவரும் எங்களைத் திட்டினார்கள். அந்த ஒரு விஷயத்திலாவது அப்பாவும் மகனும் ஒன்றாக இருந்தார்கள்.

இப்படியே வருடங்கள் போயின. கல்யாணம் ஆயிற்று, யாழினி பிறந்தாள். மகப்பேறு விடுப்பு முடிந்து நான் வேலைக்குத் திரும்பியபோது அவளுக்கு ஐந்து மாதம். அந்த வருட விஜயதசமியன்று காலையில் பல்லடத்திலிருந்து போன் வந்தது.

அழைத்தவர் கோமதியக்கா. பல்லடத்துக்கு வெளியே சிறிய பொரிப்பகம் ஒன்றை நடத்துகிறவர். முட்டைகளை வாங்கி அடைவைத்து, ஒருநாள் குஞ்சுகளாகப் பண்ணைகளுக்கு அனுப்புவார். பெரிய கம்பெனிகளுக்கு நடுவில் அவருடையது ஒரு கைப்பிடி அளவுதான்.

"அம்மணி, கம்ப்யூட்டரு எதையுமே காட்ட மாட்டேங்குதுங்க. 'கோப்பு சேதம்'னு ஒரே வரி. எந்த ட்ராலிய இன்னிக்கு மாத்தறதுன்னு ஒண்ணுமே தெரியல. கொஞ்சம் வந்து பாத்துட்டுப் போங்களேன்."

அது ஏன் அவ்வளவு அவசரம் என்று சொல்ல வேண்டும். முட்டைகள் தட்டுத் தட்டாக ட்ராலிகளில் அடுக்கப்பட்டு, பதினெட்டு நாள் ஓர் இயந்திரத்துக்குள் இருக்கும். அது தட்டுகளை அவ்வப்போது இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துக்கொண்டே இருக்கும். பதினெட்டாம் நாள் அந்த ட்ராலியின் முட்டைகளை வேறொரு இயந்திரத்துக்கு மாற்ற வேண்டும். அங்கே தட்டு அசையாது. அங்கேதான் குஞ்சு ஓட்டை உடைத்து வெளியே வர வேண்டும். மாற்றாமல் விட்டால் அசையும் தட்டுகளுக்கு நடுவிலேயே பொரிந்து நசுங்கிப்போகும். நாள் ஆகாததை முன்கூட்டியே மாற்றினால் அதுவும் கெடும். எந்த ட்ராலி எந்த நாளில் உள்ளே போனது என்பது எங்கள் நிரலில், அதாவது ஒரு சம்படக் கோப்பில், இருந்தது. ட்ராலியின் மேல் வெறும் எண் மட்டும்தான். முன்பெல்லாம் தேதிச்சீட்டு கட்டித் தொங்கவிடுவார்களாம். உள்ளே இருக்கும் ஈரத்தில் அது ஊறிக் கிழிகிறது என்று, கம்ப்யூட்டர் வந்த பிறகு விட்டுவிட்டார்கள்.

ஜெசியக்கா நாகர்கோவிலில் தம்பியின் கல்யாணத்தில் இருந்தார். போனில் மட்டும்தான் கிடைப்பார். நான் போகலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றேன். பால் குடிக்கும் குழந்தை. பொரிப்பகத்தில் புகை மருந்து போடுவார்களே, அந்த நெடி அவளுக்கு ஆகுமா? விட்டுவிட்டுப் போனால் பசியில் அழுவாளே? கடைசியில் என் கணவர் பிரபுதான், "கெளம்பு, நானும் வாரேன். புள்ளைய நான் வெளியில வெச்சுக்கறேன்," என்று காரை எடுத்தார். போகும் வழியெல்லாம், கண்ணாடியை ஏற்றட்டுமா இறக்கட்டுமா என்றே கேட்டுக்கொண்டு வந்தேன்.

பொரிப்பகத்து வாசலில் வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். இயந்திரங்களுக்கெல்லாம் சந்தனப் பொட்டு, குங்குமம். தரை கண்ணாடி மாதிரி மின்னியது. அலுவலக அறையில் கம்ப்யூட்டருக்கும் மவுசுக்கும் கூடப் பொட்டு. எதிரில் கோமதியக்கா நின்றிருந்தார். ஓரமாக சூப்பர்வைசர் துரைசாமியண்ணன், முகம் வெளுத்துப்போய்.

என்ன நடந்தது என்று கேட்டேன். முந்தின நாள் ஆயுத பூஜைக்காக எல்லாவற்றையும் கழுவியிருக்கிறார்கள். அறையைக் கழுவ அலுவலகப் பக்கத்து மெயினை அணைத்தார்கள். துடைப்பதற்காக யுபிஎஸ் பேட்டரியையும் கழற்றி வைத்திருந்தார்கள். அந்தக் கணத்தில் கம்ப்யூட்டர் கோப்பில் எதையோ எழுதிக்கொண்டிருந்திருக்கிறது.

அதோடு நின்றிருந்தால் ஒன்றுமே ஆகியிருக்காது. நாங்கள் பின் அறையில் பிளக் பிடுங்கியதெல்லாம் இதற்காகத்தானே.

"மறுபடி போட்டதும் எங்க நிரலைத் தொறந்தீங்களாங்கண்ணா?"

"இல்லீங்க. வெளியெல்லாம் சுத்தமாயிருச்சு, உள்ளயும் சுத்தம் பண்ணீரலாம்னு ஃபோல்டர மட்டும் தொறந்தேனுங்க. உங்க கோப்புக்குப் பக்கத்துல பாதின்னு ஒண்ணு கெடந்துச்சு. அது முன்ன பின்ன பாத்ததே இல்லீங்க. அரைகொறையா எதோ குப்ப போலன்னு எடுத்துப்போட்டேனுங்க."

"ரீசைக்கிள் பின்னுல இருக்குமே?"

"அதையும் கொட்டீட்டேனுங்க. பூஜை அன்னிக்குக் குப்பக்கூடைல குப்ப இருக்கலாமுங்களா?"

கோமதியக்காவுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. "ஏனுங் துரை, உங்கள யாரு கம்ப்யூட்டருக்குள்ளயெல்லாம் கூட்டச் சொன்னது?"

"நீங்கதானுங்க்கா சொன்னீங்க, ஒரு மூலை விடாம சுத்தம் பண்ணோணும்னு."

"பென்டிரைவ்ல தெனமும் ஒரு நகல் எடுப்பீங்களே?" என்றேன் நான்.

"எடுத்தேனுங்க! நோம்பியா இருந்தாலும் அதை மட்டும் விடறதில்லீங்க." அவர் முகம் ஒரு கணம் மலர்ந்தது. பிறகு அவருக்கே புரிந்துவிட்டது. பாதியை நீக்கிய பிறகு, பழுதான கோப்பைத்தான் நல்ல நகலின் மேல் நகல் எடுத்திருந்தார். ட்ராலிப் பட்டியலை அன்றாடம் அச்சிட்டுச் சுவரில் ஒட்டுவார்களே, அந்தத் தாள்? சுவரையும் கழுவியிருந்தார்கள்.

அவர் மெதுவாகக் கேட்டார். "நான் போயிரட்டுமுங்களா அக்கா? இதுக்கு மேல என்னைய இங்க வெச்சுக்க மாட்டீங்க."

"அதெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம். இப்ப எங்கியும் போவாதீங்க," என்றார் கோமதியக்கா. அதில் கோபம் இருந்ததா இரக்கம் இருந்ததா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

முதலில், சேதமான கோப்பை அப்படியே நகலெடுத்து அந்த நகலில் மட்டும் கை வைத்தேன். ஜெசியக்காவின் முதல் விதி அது. வழிகாட்டும் பக்கம் பாதி எழுதப்பட்டுக் கெட்டிருந்தது. மூடி போய்விட்டது. ஆனால் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் பெயர் இருந்தது. அவர் எழுதி வைத்திருந்த மீட்பு நிரலை ஓடவிட்டேன். அது கோப்பின் முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை ஒவ்வொன்றாகப் படித்து, இது வெப்பநிலை, இது ட்ராலி, இது பண்ணை முகவரி என்று பிரித்து அடுக்கியது. அது ஓடி முடிவதற்குள் வெளியே யாழினி அழும் குரல் கேட்டது. காருக்கு ஓடி, கை கழுவி, பால் கொடுத்துவிட்டு ஓடி வந்தேன். ஓடும்போது, நான் நல்ல அம்மாவும் இல்லை, நல்ல இஞ்சினியரும் இல்லை என்று நினைத்துக்கொண்டே ஓடினேன்.

திரும்பி வந்தபோது ட்ராலிகளின் பட்டியல் திரையில் இருந்தது. சத்தமாகப் படித்தேன். துரைசாமியண்ணன் உள்ளே ஓடி, அன்றைக்கு மாற்ற வேண்டிய ட்ராலிகளைக் குறித்துக் கதவைத் திறந்து மாற்ற ஆரம்பித்தார். எல்லோருக்கும் மூச்சு வந்தது. கோமதியக்கா எனக்கு மோர் கொண்டுவரச் சொன்னார்.

மோரைக் குடிக்கும்போதுதான் பார்த்தேன். பதினான்காம் எண் ட்ராலிக்குக் கோப்பில் இரண்டு பக்கங்கள் இருந்தன. ஒரு பதிவைத் திருத்தினால் சம்படம் அதை வேறு பக்கத்தில் எழுதும், பழைய பக்கம் இனிச் செல்லாது என்பது வழிகாட்டும் பக்கத்தில்தான் இருக்கும். இரண்டிலும் வேறு வேறு தேதி. ஒன்றின்படி அதை மாற்ற இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. இன்னொன்றின்படி இன்றே மாற்ற வேண்டும்.

"அண்ணா, எந்த ட்ராலிக்காச்சும் தேதியத் தப்பாப் போட்டுட்டு அப்பறம் திருத்துனீங்களா?"

"ஒண்ணுக்குத் திருத்துனேனுங்க. எதுக்குன்னு ஞாபகம் இல்லீங்க. எந்தத் தேதிய எதா மாத்துனேன்னும் தெரியலீங்க."

ஆக ஒன்று தவறான பழைய தேதி, மற்றது திருத்தியது. எது எது? பக்கத் தலையில் இருக்கும் மாற்ற எண்ணைப் பார்த்தால் தெரிந்துவிடும். ஒரு வாரம் என்று சொன்ன பக்கம் பழுதில்லாமல் இருந்தது. இன்றே என்று சொன்ன பக்கத்தின் தலை மின்சாரம் போனபோது கிழிந்திருந்தது. அதில் எண் இருந்த இடத்தில் அர்த்தமில்லாத எழுத்துகள். மீட்பு நிரல், நல்ல பக்கமும் கிழிந்த பக்கமும் மோதினால் நல்லதை எடுத்துக்கொள்ளும்படி எழுதப்பட்டிருந்தது. அதனால் திரையில் ஒரு வாரம் என்றே இருந்தது. கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் நல்ல நிலையில் இருப்பதனால் அதுவே புதியது என்று ஆகிவிடுமா? பழைய பக்கங்களைத்தான் யாரும் தொடாமல் விட்டிருப்பார்கள், அதனால் அவை பழுதாகாமல் இருக்கும். கடைசியாகக் கை வைத்த பக்கம்தானே கிழிந்திருக்க வாய்ப்பு? இல்லை, நான்தான் அதிகமாக யோசிக்கிறேனோ?

ஜெசியக்காவுக்குப் போன் செய்தேன். பின்னால் நாதஸ்வரமும் கூட்டமும். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு அதே சொல்தான்.

"அப்புறம்?"

"அப்புறம் எதுவுமில்லைங்க்கா. கோப்புல இருந்து இதுக்கு மேல சொல்ல முடியாது."

"அப்ப அதையே அவங்ககிட்டச் சொல்லுங்க," என்றார். ஆறு வருடங்களில் அவர் எனக்குக் கொடுத்த ஒரே நேரடிப் பதில் அதுதான்.

பதினான்காம் எண்ணுக்கு எதிரே இருந்த தேதியை அழித்துவிட்டு வெறுமையாக விட்டேன். கோமதியக்காவிடம் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார்.

"தெரியலைன்னா என்னங்க அர்த்தம்? காலைல இருந்து கதவத் தொறந்து தொறந்து உள்ள சூடு எறங்கிக் கெடக்குது. மறுபடியும் தொறந்து ட்ராலிய வெளிய இழுத்துப் பாத்தா மத்ததும் கெடும். இதுக்குத்தானுங்க கம்ப்யூட்டர் வெச்சுருக்கறோம். ஒரு வாரம்னு கம்ப்யூட்டர் காட்டுச்சுன்னா அதையே சொல்லிப்போடுங்களேன்!"

அவர் முகம் சுண்டுவதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. யாராவது கோபித்துக்கொண்டால் உடனே ஒத்துக்கொண்டு விடுகிற ஆள் நான். வீட்டிலும் அப்படித்தான். வாய்வரை வந்துவிட்டது, சரிங்க ஒரு வாரம்தான் என்று. ஆனால் அந்த ட்ராலியில் இருப்பவை முட்டைகள். நான் தெரிந்த மாதிரி ஒரு தேதியைச் சொன்னால் யாரும் கதவைத் திறந்து பார்க்க மாட்டார்கள். தெரியாது என்று சொன்னால்தான் பார்ப்பார்கள்.

"எனக்குத் தெரியலைங்க்கா," என்றேன். "தெரிஞ்ச மாதிரி சொல்ல எனக்குப் பயமா இருக்குது. ஒருக்கா லைட் அடிச்சுப் பாத்துருங்க. ஒரு வார வித்தியாசம் கண்ணுக்கே தெரிஞ்சிருமில்லீங்க?"

கோமதியக்கா உள்ளே போகும் செருப்பை மாற்றிக்கொண்டார். மருந்துத் தண்ணீரில் கால் நனைத்துத் துரைசாமியண்ணனைக் கூப்பிட்டார். அலுவலகத்துக்கும் உள்கூடத்துக்கும் நடுவில் ஒரு கண்ணாடிச் சன்னல் உண்டு. நான் அதன் அருகில் நின்றேன். பதினான்காம் ட்ராலியிலிருந்து ஒரு தட்டை மட்டும் எடுத்து வந்தார்கள். விளக்கை அணைத்தார்கள். துரைசாமியண்ணன் ஒரு முட்டையை எடுத்து, அதன் கீழே டார்ச்சை வைத்தார்.

முட்டை முழுக்க இருட்டு. மேலே காற்று இருக்கும் இடம் மட்டும் ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்ந்தது. ஒரு வாரம் மிச்சம் இருந்தால் ஒளி இன்னும் எங்கெல்லாமோ ஊடுருவியிருக்கும் என்று பிறகுதான் சொன்னார்கள். எனக்கு அது தெரியத் தேவையே இருக்கவில்லை. அந்த இருட்டின் விளிம்பில் ஏதோ அசைந்தது. ஸ்கேன் அறையில் டாக்டர் திரையைத் திருப்பிக் காட்டியபோது யாழினி அப்படித்தான் ஒருமுறை அசைந்தாள்.

கோமதியக்கா அடுத்த முட்டையை எடுத்தார், அதற்கடுத்ததை எடுத்தார். பிறகு கண்ணாடியின் அந்தப் பக்கத்திலிருந்து என்னைப் பார்த்து, ஒரு விரலைக் கீழே காட்டினார். இன்றே.

அன்று சாயங்காலத்துக்குள் பதினான்காம் ட்ராலி முழுதும் மாற்றப்பட்டுவிட்டது. நாங்கள் கிளம்பும்போது துரைசாமியண்ணன் காருக்கு வந்து, தூங்கிக்கொண்டிருந்த யாழினியை எட்டிப் பார்த்தார். "பொழைக்குமுங்களா?" என்று என்னிடம் கேட்டார். குஞ்சுகளைக் கேட்கிறாரா, தன் வேலையைக் கேட்கிறாரா என்று எனக்குக் குழப்பம். மூன்று நாள் பொறுத்துத்தான் தெரியும் என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் ஜெசியக்கா ஊரிலிருந்து வந்ததும் இருவரும் மீட்பு நிரலைத் திருத்தினோம். கவின், நிவேதா, நீங்கள் கேட்டது இதைத்தான். இரண்டு பக்கங்கள் முரண்பட்டு, எது புதியது என்று நிரூபிக்க முடியாவிட்டால், சம்படம் இரண்டையும் எடுத்துக்கொள்ளாது. அந்த இடத்தில் 'தெரியாது' என்று எழுதி, இரண்டு மதிப்புகளையும் பக்கத்தில் காட்டும். பயன்படுத்துகிறவர் அதைத் தீர்க்காமல் மேலே போக முடியாது. பலருக்கு இது எரிச்சலாக இருக்கும். தொந்தரவு என்று புகார் வரும். வந்தது. எடுத்துவிடலாமா என்று நானே பலமுறை யோசித்தேன். யோசித்து யோசித்து விட்டுவைத்தேன். பாதிக் கோப்பின் பெயரையும் மாற்றினோம். இப்போது அது 'இதைத் தொடாதீர்கள்' என்று முடிகிறது. நிவேதா அதைப் பார்த்துச் சிரித்தாளாம். சிரிக்கட்டும்.

சர்வருக்கு மாறுவதில் எனக்கு வருத்தம் இல்லை. கோப்பு எங்கே இருந்தால் என்ன? அங்கேயும் மின்சாரம் போகும், அங்கேயும் இரண்டு பேர் ஒரே நேரத்தில் எழுதுவார்கள், அங்கேயும் நல்ல எண்ணத்தோடு யாராவது கூட்டிப் பெருக்குவார்கள். நீங்கள் எழுதப்போகும் நிரல் 'தெரியாது' என்று சொல்லக் கூச்சப்படாமல் இருக்கட்டும். பிளக் பிடுங்கும் பரீட்சையை மட்டும் விட்டுவிடாதீர்கள். இந்த இரண்டும் இருந்தால் மற்றதை நீங்களே கண்டுபிடித்துக்கொள்வீர்கள், என்னைவிட நன்றாகவே.

பல்லடத்திலிருந்து திரும்பிய பிறகு மூன்று நாள் நான் போனைக் கையில் வைத்துக்கொண்டே திரிந்தேன். நானாகக் கூப்பிட்டுக் கேட்கலாமா, கேட்டால் தொந்தரவு என்று நினைப்பார்களா? கெட்ட செய்தி என்றால் அவர்களாகச் சொல்லட்டுமே? நான்காம் நாள் காலை, யாழினிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தபோது கோமதியக்காவின் அழைப்பு வந்தது. ஒரு கையால் எடுத்தேன். பேச்சுக் குரல் இல்லை. ஒரே கீச்சுச் சத்தம், நூற்றுக்கணக்கில், ஒன்றன்மேல் ஒன்றாக, காதைக் கிழிக்கிற மாதிரி.

"கேக்குதுங்களா அம்மணி?" தூரத்தில் கோமதியக்கா கத்தினார். "பதினாலாம் நம்பருங்க! தட்டு தட்டா வந்துட்டே இருக்குது. துரைதான் பெட்டில எடுத்து வெக்கறாரு, ஆளு குனிஞ்சவரு இன்னும் நிமிரல. ஏனுங் துரை, அக்கட்டால பாத்து வையுங்க, கால்ல மிதிச்சுப்போடாதீங்க!"

யாழினி குடிப்பதை நிறுத்திவிட்டு, சத்தம் வந்த பக்கமாக மெதுவாகத் தலையைத் திருப்பினாள். நான் ஸ்பீக்கரைப் போட்டேன்.